புதூர்நாட்டு மலையில் படி இல்லாத கோட்டை

புதூர்நாட்டுப் பக்கம் போகிறவர்கள் அந்த வெள்ளைக் கோட்டையைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கூர்த் தொப்பி வைத்த கோபுரம், வளைவு வாசல், மேலே ஒரு சின்ன ஜன்னல். படம் நன்றாகத்தான் இருக்கிறது. கீழே எழுதுவதுதான் ஆளுக்கு ஒரு கதை. ஏதோ வெளிநாட்டுக் கதையில் ராஜகுமாரி இருந்த கோபுரத்துக்குப் படி கிடையாதாம், அதைப் பார்த்து இதற்கும் படி வைக்கவில்லையாம். எழுதியவர் யாரைக் கேட்டு எழுதினாரோ தெரியவில்லை. படி இருந்தது. பதினெட்டுப் படி. அவை போன அன்று நான் அங்கேதான் நின்றிருந்தேன். 1983ஆம் வருஷம், ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

என் வீட்டுக்காரர் சுதை வேலைக்காரர். கோயில் கோபுரத்துப் பொம்மைகளைச் சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் செய்கிறவர். அப்போது நாங்கள் செங்கத்தில் குடியிருந்தோம். லாரி வைத்திருந்த ஒரு முதலாளி வெளிநாடு போய் வந்தார். அங்கே பெரிய கேளிக்கைப் பூங்காவில் பார்த்த கோட்டையின் படம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். மலையில் ஊர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, ராட்டினம், சறுக்குமரம் வைத்து, நடுவில் அதே கோட்டையைக் கட்ட வேண்டும் என்றார். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர் பேரப்பிள்ளைகள் அதையும் பெருமையாக எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கொடுத்தது உள்ளங்கை அளவு படம். அதிலும் முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "பின்னால யாரு பாக்கப் போறா, உன் இஷ்டத்துக்குச் செய்" என்றாராம். அந்த ஒரு வார்த்தையில் மனுஷர் மயங்கிவிட்டார். அதுவரை எந்தக் கோயிலிலும் அவர் இஷ்டத்துக்கு ஒரு கிளி கூடச் செய்ததில்லை. தை மாதம் மலை ஏறியவர் ஆடி வரைக்கும் இரண்டே தடவைதான் வீட்டுக்கு வந்தார்.

திங்கட்கிழமை ராத்திரி, அவரோடு வேலைக்குப் போயிருந்த ஏழுமலை தனியாக வந்து நின்றான். "அண்ணி, அண்ணன் கோபுரத்து மேல ஏறி ஒக்காந்துக்கினு எறங்க மாட்டேங்கறாரு" என்றான். துருவிக் கேட்ட பிறகுதான் முழுதும் சொன்னான். அந்த ஊரில் யாரும் மாடி கட்டுவதில்லை. ஒருத்தர் தலைக்கு மேல் இன்னொருத்தர் கால் இருக்கக்கூடாது, அம்மன் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்பது அவர்கள் கட்டுப்பாடு. முதலாளி அவர்களிடம் சும்மா பொம்மைக் கோட்டை என்று சொல்லி நிலத்தைக் குத்தகைக்கு வாங்கிவிட்டு, உள்ளே படியும் மேலே தளமும் போடச் சொல்லியிருக்கிறார். வருகிற ஜனங்கள் ஏறி ஜன்னல் வழியாகக் கையாட்ட வேண்டுமாம். சாரம் பிரித்ததும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீசல் வாங்கி வருகிறேன் என்று காரில் மலை இறங்கிய முதலாளி திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். அதற்குள் கோபுரத்தைக் கயிறு போட்டு இழுத்துவிடுவது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இவர் மேலே உட்கார்ந்துகொண்டு, என்னையும் சேர்த்து இழுங்கள் என்கிறார்.

"அவரை வுட்டுட்டு நீ மட்டும் எப்படிடா வந்த?" என்றேன். தலையைக் குனிந்தான். அவனை நான் மன்னித்துவிட்டேன். என் நாத்தனாரை மன்னிக்கவில்லை. பிள்ளைகள் இரண்டையும் ஒரு நாள் பார்த்துக்கொள் என்றதற்கு, தனக்குத் தலைவலி என்றாள். அவள் அண்ணன் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, அவளுக்குத் தலைவலி. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். இன்றுவரை நாத்தனார் வீட்டில் நான் கை நனைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை செங்கத்தில் ஐந்து பத்துக்குப் பஸ். சிங்காரப்பேட்டை வழியாகத் திருப்பத்தூருக்கு அப்போது இரண்டு ரூபாய் எழுபது காசு. ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மலைக்குப் பஸ் ஒன்று உண்டு, அது அன்று வரவில்லை. ஜீப்தான். ஆளுக்கு ஐந்து ரூபாய், நிறைந்தால்தான் எடுப்பார்கள். எட்டேகாலுக்கு எடுத்தபோது உள்ளே பதினேழு பேர், இரண்டு கோழி. ஓட்டியவர் வாணியம்பாடிக்காரர், சலீம் பாய் என்று கூப்பிட்டார்கள்.

"இன்னாமா, நீ எந்த ஊருக்கு?" என்றார். சொன்னேன்.

"அந்தக் கோட்டைக்கா? மேல ஒக்காந்துகீறானே, அந்தப் பைத்தியக்காரன் மேஸ்திரிய வேடிக்க பாக்கவா?"

"அந்தப் பைத்தியக்காரன் பொண்டாட்டிதான் நான்."

கோழி மட்டும் பேசியது. இரண்டு வளைவு தாண்டித்தான் பாய் வாயைத் திறந்தார். "மாஃப் பண்ணும்மா. புதூர்நாட்டுல எல்லாரையும் எறக்கிட்டு ஒன்ன எல்லைக்கல்லு வரைக்கும் கொண்டாந்து வுடறேன். அதுக்கு அப்பால இன்னிக்கி வண்டி போவாது. நாலு மணி வரைக்கும் நிப்பேன். அப்பறம் எனக்கும் வூடு கீது."

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு முப்பது கிலோமீட்டர் என்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வயிற்றைப் புரட்டுகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். புதூர்நாட்டிலிருந்து எல்லைக்கல் ஐந்து கிலோமீட்டர் மண்பாதை. அங்கிருந்து நடந்து பதினொரு மணிக்கு ஊருக்குள் போனேன்.

முதலில் தெரிந்தது கோட்டையின் பின்பக்கம். நான் நின்றுவிட்டேன். முன்பக்கம் படத்தில் இருக்கிற வெள்ளைக்காரக் கோட்டை. பின்பக்கம் முழுக்க யாளி, கொடி, தாமரை, வரிசையாகக் கிளிகள். ஒவ்வொரு கிளிக்கும் ஒவ்வொரு விதமாகக் கழுத்துத் திரும்பியிருந்தது. அந்தக் கிளிகளுக்கு மேலே, கோபுரத்தின் கழுத்தைச் சுற்றி மூன்று வடக்கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்று முனைகள் பலாமரத்தடியில் கிடந்தன. இருபது ஆம்பளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர்க்கவுண்டர் எழுந்து வந்தார். அறுபது வயது இருக்கும். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ அவரு பொண்டாட்டியாமா? மொதல்ல தண்ணி குடி. நாங்க கொலகாரங்க இல்ல. நாலு நாளா வேளா வேளைக்கிக் களி குடுத்து அனுப்பறோம். கூப்ட்டுப் பாத்தாச்சி, கும்புட்டுப் பாத்தாச்சி. பொழுது சாஞ்சா காப்பு. அதுக்கு முன்னால கயித்த இழுப்போம். உள்ள ஆளு இருந்தா எங்க பாவம் இல்ல."

"மலை உச்சியில நின்னா மட்டும் கால் மேல இல்லீங்களா ஐயா?" என்றேன். எனக்கு வாய் நிற்காது.

"அது மண்ணு. அம்மன் குடுத்தது. இது நீங்க கட்டனது" என்றார்.

உள்ளே போய்ப் படி ஏறினேன். ஒவ்வொரு படியும் ஒரே கல். ஒரு பக்கம் சுவருக்குள் புதைந்திருக்கும், மறுபக்கம் பிடிமானம் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே தளத்தில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் உள்ளே போயிருந்தது.

"எறங்குங்க" என்றேன்.

"நீ ஏன் வந்த?"

"கயிறு கட்டிக்கீறாங்க, தெரியுதா?"

"தெரியுது. இழுக்கட்டும்."

"புள்ளைங்க ரெண்டு கீதே, அதுங்களுக்கு இன்னா சொல்றது?"

"பின்பக்கம் பாத்தியா?" என்றார்.

நான் அழுதேன். காலைப் பிடித்தேன். ஒரு தடவை கையை ஓங்கவும் ஓங்கினேன். அவர் சுவரில் வைத்த கையை எடுக்கவில்லை. அரை மணி நேரம் கெஞ்சிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கவுண்டர் வீட்டம்மா என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். "சாப்புடாம சண்ட போட முடியாது, வா" என்றாள். மண் வீடு, தாழ்ந்த கூரை. கவுண்டர் கீழே உட்கார்ந்திருந்தார். அவள் ஏணியைச் சாத்தி, பரணில் ஏறி, மூட்டையிலிருந்து சாமை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஏணியைத் தூக்கி வெளியே வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஐயா, இப்ப உங்க தலைக்கு மேல வூட்டம்மா கால் இருந்துச்சே?"

"அந்த ஆளு தலைமேல என் காலு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கீது" என்று அவள் சிரித்தாள்.

கவுண்டர் சிரிக்கவில்லை. "அது பரணு. தானியம் வெக்கறது. ஏணிய எடுத்துட்டா அங்க யாரு நிக்கப் போறா?"

"அப்ப அங்கயும் ஏணிய எடுத்துடறோம். பதினெட்டுப் படியும் எடுத்துடறோம். ஏற வழி இல்லன்னா அது மாடியே இல்ல. சுவர மட்டும் வுட்டுடுங்க."

அவர் எழுந்து வாசலைப் பார்த்தார். வெயில் வாசற்படி தாண்டியிருந்தது. பிறகு சொன்னார்: "உங்க மொதலாளி நாளைக்கி ஒரு இரும்பு ஏணி கொண்டாந்து சாத்துவான். தளமும் போவணும். ஒரு படி பாக்கி இருந்தாலும் கயிறுதான். பொழுது சாயறதுக்குள்ள."

ஓடினேன். கோபுரத்தடியில் நின்று கத்தினேன். "படியும் தளமும் எடுத்தாப் போதுமாம்! சுவர யாரும் தொட மாட்டாங்க!"

ஜன்னலில் தலை தெரிந்தது. "ஜன்னலு?"

"நிக்கும்!"

"பின்பக்கம்?"

"எல்லாம் நிக்கும்யா, எறங்கு!"

உடனே இறங்கி வந்தார். நாலு நாள் இறங்காத மனுஷர், என் தொண்டை அடங்குவதற்குள் என் எதிரில் நின்று "உளி எங்க?" என்றார். சுவர் நிற்கும் என்றதும் இறங்கினார். நான் வந்து நிற்கிறேன் என்றபோது இறங்கவில்லை.

வேலை ஒன்றரை மணிக்குத் தொடங்கியது. முதலில் தளத்துக் கற்கள். பிறகு படிகள், மேலிருந்து கீழாக. ஊர் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார். நெம்பினால் சுவர் பிளந்துவிடும். அவர் கீழ்ப்படியில் நின்று மேல்படியைச் சுற்றி உளியால் கொத்தி விடுவிப்பார், கல்லைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். கோபுரத்தை இழுக்கக் கொண்டுவந்த அதே கயிறு, அதே ஆட்கள். நான் கீழே நின்று கல்லை வாங்கி நகர்த்தினேன்.

மூன்று மணிக்கு ஆறு படிதான் போயிருந்தது. நாலு மணிக்குப் பத்து. ஜீப் கிளம்பியிருக்கும் என்று நினைத்தேன். பதினொன்றாவது கல் அசைந்தபோது சுவருக்குள் ஒரு சத்தம் கேட்டது. பத்தாவது கல் இருந்த ஓட்டையிலிருந்து ஒரு விரிசல் எங்கள் கண்ணெதிரில் கீழே இறங்கியது. சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. கயிறு பிடித்தவர்கள் விட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். அவர் ஓடவில்லை. ஒரு கையால் கல்லைத் தாங்கிக்கொண்டு, மறு உள்ளங்கையை விரிசல்மேல் வைத்து, மூச்சுகூட விடாமல் நின்றார். நான் கயிற்றைப் பிடித்தேன். கவுண்டர் வந்து என் பின்னால் பிடித்தார். விரிசல் ஒரு முழத்தில் நின்றுவிட்டது.

கடைசிக் கல் வெளியே வந்தபோது மணி ஆறு. பம்பைச் சத்தம் தொடங்கிவிட்டது. கவுண்டர் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். ஓட்டைகளை விரலால் எண்ணினார். "சரி. காப்புக் கட்டறதுக்குள்ள எல்லையத் தாண்டுங்க. வெளியூருக்காரங்க தங்கக்கூடாது" என்றார். அவர் வீட்டம்மா துணியில் முடிந்த சாமையை என் கையில் திணித்தாள். அந்த ஊரில் நான் மனஸ்தாபம் வைத்துக்கொள்ள ஒருவரும் இல்லை.

எல்லைக்கல்லில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. "ஒங்களுக்காக நிக்கல, டயரு பஞ்சரு" என்றார் சலீம் பாய். நாலு டயரும் நன்றாகத்தான் இருந்தன.

1985இல் பூங்கா திறந்தது. ஓடிப்போன முதலாளி மாலை போட்டுக்கொண்டு வந்து, படி இல்லாததைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார். 1988இல் நாங்கள் இருவரும் ஒரு ரூபாய் டிக்கெட் எடுத்துப் போனோம். ஜனங்கள் முன்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் பின்பக்கம் போய், வெளியிலும் தெரிந்த அந்த விரிசலைத் தடவிப் பார்த்தார். அது வளரவில்லை. அடுத்த வருஷமே ராட்டினம் நின்றுவிட்டது. கோட்டை மட்டும் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: நான் சொன்ன கட்டணம் அந்தக் காலத்தது, இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடியில் போவதானால் காப்புக் கட்டும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். சாயங்காலத்துக்குள் எல்லையைத் தாண்டிவிடுங்கள், அது அவர்கள் ஊர். குடிதண்ணீர் கையில் வேண்டும். கோபுரத்துக்குள் நுழைந்தால் தேன்கூடு இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். பிறகு சுவரில் படி இருந்த ஓட்டைகளை எண்ணுங்கள், பதினெட்டு இருக்கும். பின்பக்கம் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

அந்த ஜன்னலிலிருந்து மலை எப்படித் தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே ஏறியவர்களில் நானும் ஒருத்திதான். ஆனால் எனக்குத் தெரியாது. நான் அரை மணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.