பாசி வளர்த்தவரும் வெள்ளைத் தூளும்

மாரிசெல்வம் தாராவியிலிருந்து மாட்டுங்கா கல்லூரி லேபுக்குப் பதினோரு வருஷமாக நடந்தே போய் வருகிறார். ஞாயிற்றுக்கிழமையும் போவார், பாசிக்கு லீவு கிடையாது என்பார். கண்ணாடித் தொட்டிகளில் அவர் வளர்க்கும் பச்சைப் பாசியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எண்ணெய் இருக்கிறது. அதை எடுத்துப் பக்குவம் செய்தால் டீசலுக்குப் பதில் வண்டி ஓட்டலாம். ஆனால் செல்லின் ஓடு லேசில் உடையாது. கண்ணாடி மணிகளோடு மெஷினில் போட்டு அரைத்துத்தான் உடைக்கவேண்டும். அதுவும் மாரிசெல்வத்தின் வேலைதான். "என் கை படாம ஒரு சொட்டு எறங்காது" என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் பெருமைக்கு பானுமதி வந்து வேட்டு வைத்தாள். தாராவியில் அவருக்குப் பக்கத்துச் சால் எனும் வரிசைக் குடித்தனத்தில் இருப்பவள், லேபில் பாட்டில் கழுவ வந்தவள். கை நடுங்காமல் எடை போடுகிறாள் என்று பேராசிரியர் வைத்தீஸ்வரன் அவளிடம் ஒரு வெள்ளைத் தூளை ஒப்படைத்தார். நானோ துகளாம். பாசித் தண்ணீரில் சிட்டிகை கலந்தால் ஓட்டில் ஒட்டித் துளைத்துவிடுமாம், அரைக்கவே வேண்டாமாம். தூள் ஜெயித்தால் மெஷினை ஓரங்கட்டிவிடுவார்கள். அவளுக்கு வெள்ளைக் கோட்டு கொடுத்த அன்று மாரிசெல்வம் வயிற்றெரிச்சலில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

சோதனை நாள் வந்தது. ஒரே தொட்டிப் பாசி, இரண்டு பாட்டில். ஒன்றில் தூள் கலந்தாள். மற்றது ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா வைத்தது. அவள் சாப்பிடப் போன நேரத்தில் மாரிசெல்வம் சும்மா இருந்த பாட்டிலை மெஷினில் ஓட்டி, மணிகளை வடித்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். தூளில்லாமலே எண்ணெய் வந்தால் தூளை யார் மதிப்பார்கள்?

சாயங்காலம் எடை பார்த்தார்கள். இரண்டிலும் எண்ணெய் சரிசமம். ஆனால் வைத்தீஸ்வரன் தூளைக் குறை சொல்லவில்லை.

"சும்மா வெச்சதுலயே இவ்வளவு எண்ணெய்னா ஓடு தானா உடைஞ்சிருக்கு. பாசி கெட்டுப்போச்சு மாரி. தொட்டி எல்லாத்தையும் கொட்டிடுங்கோ, வெளியில வாங்கிக்கலாம்."

தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை செய்த கதைதான்.

பானுமதி பாட்டிலின் அடியைப் பார்த்தாள். வடிகட்டும்போது தப்பிய ஒரு கண்ணாடி மணி கிடந்தது. அதைக் கைக்குள் எடுத்துக்கொண்டு சொன்னாள், "பாசி கெடல சார். நாந்தான் மறதியில ரெண்டுலயும் தூளப் போட்டுட்டேன்."

வைத்தீஸ்வரன் முகம் சுளித்தார். "ஒப்பிட ஒண்ணுமில்லாம சோதனையே வீண். இனி பழைய மெஷினே போதும். கோட்டைக் கழட்டி வை. நாளைலேர்ந்து பாட்டில் கழுவு, போதும்" என்று தன் அறைக்குப் போய்விட்டார்.

தொட்டி தப்பியது, மெஷின் தப்பியது, கோட்டும் இறங்கியது. வேண்டியதெல்லாம் கிடைத்தும் மாரிசெல்வத்துக்கு ஆறவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பதினோரு வருசம் வளத்திய. கொட்டச் சொன்னா தாங்குவியளா அண்ணாச்சி?"

அவள் கோட்டை மடித்து வைத்துவிட்டுப் பாட்டில் கழுவப் போனாள். கெட்டிக்காரத்தனம் அவளுக்கு இருந்ததையே அவரால் பொறுக்க முடியவில்லை. இப்போது இந்த மனசும் அவளுக்கே. இனி ஆயுசுக்கும் இவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவள் உசத்தி என்று நினைக்கவேண்டும். அதற்கு வேலை போவதே மேல் என்று தோன்றியது அவருக்கு.

விடுவிடுவென்று வைத்தீஸ்வரன் அறைக்குள் போனார்.

"அவ பொய் சொல்லுதா சார்" என்றார். "அந்தப் பாட்டில அரச்சது நான்."