கை நனைக்காத வீடு

கயத்தாறு பைபாஸ் கடையில் பன்னீர் சோடாவைத் திறந்ததும், நாலுவழிச் சாலைக்கு அடியில் போய்விட்ட பேச்சியின் வீடு அந்த வாசனையில் எழுந்து வந்தது. என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவள். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பருத்தி எடுத்துவிட்டு வந்த அவள் அம்மா, அலுப்போடு உலை வைத்து, சுடச்சுடக் கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் எனக்குத்தான் முதலில் வைத்தார். அந்தத் தெருவில் கை நனைக்கக் கூடாதென்று எங்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்ததால், பசியோடு, "சாப்பிட்டுட்டேன்" என்றேன்.

அவர் மகளைக் கூப்பிட்டார். "ஏட்டி பேச்சி, கடைல ஒரு பன்னீர் சோடா வாங்கியா. மூடியத் திறக்காம கொண்டா, இவ முன்னால திறப்போம்" என்றார். மூடி திறக்காத பாட்டிலுக்கு எங்களிடம் தீட்டில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். எனக்கு வைத்த சோற்றைப் பேச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.