பாதி முகம் இருட்டு

சித்தப்பா சீர்காழியில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த யாரோ அவர் தலையில் கட்டிவிட்டுப் போன ஓர் இங்கிலீஷ் உளவாளிப் படத்தை ஊரில் ஒருவரும் வாடகைக்கு எடுக்கவில்லை. அதனால் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பழைய கறுப்பு வெள்ளைப் படம், பேசுவது ஓர் எழுத்தும் புரியவில்லை. வாயைப் பார்க்காதே, வெளிச்சத்தைப் பார் என்று சித்தப்பா சொல்லிக்கொடுத்தார். முகத்தில் பாதி இருட்டாக இருந்தால் அந்த ஆள் பொய் சொல்கிறான். சன்னல் கம்பியின் நிழல் ஒருத்தி மேல் விழுந்தால் அவள் மாட்டிக்கொள்ளப் போகிறாள். பின்னால் நடக்கப்போவதை வெள்ளைக்காரன் முன்னாலேயே காட்டிவிடுவானாம். அவர் சொன்னபடியே ஒவ்வொன்றாக நடந்தது. எனக்கு எட்டு வயது. படம் முடிந்தபோது உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"சகுனம்னு சொல்லிட்டுப் போயேன்டா, அதுக்கு எதுக்கு இங்கிலீஷ் படம்?" என்றார் அப்பா.

அந்த வாரமே அப்பாவின் தங்கையை, என் அத்தையை, பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் சூப்பர்வைசர் உத்தியோகம் என்றார் தரகர். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் ஏரோப்ளேன் ஏறிய அத்தனை பேரும் சூப்பர்வைசர்கள்தான். யார் வேலையைப் பார்வையிட்டார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. அத்தைக்கு அதுதான் பயம். "எவன் நெசம் சொல்றான்னு எப்படி அண்ணி தெரியும்? கட்டிக்கிட்டுப் போய்த்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்று அம்மாவிடம் அழுதிருந்தாள்.

மாப்பிள்ளை சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயில் ஒரு கன்னத்தில், மறு கன்னம் இருட்டு. அத்தை காபித் தட்டோடு வந்து நின்றாள். கம்பி நிழல் அவள் புடவை மேல் வரிவரியாக விழுந்தது. நான் எழுந்து நின்று கத்தினேன்.

"அத்தை, வேணாம்! இவரு பொய் சொல்றாரு. பாதி மூஞ்சி இருட்டா இருக்கு!"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். நல்ல காரியத்தில் குழந்தை வாயால் 'வேணாம்' என்று வந்துவிட்டால் அது தெய்வம் சொன்ன மாதிரி. மாப்பிள்ளையின் அம்மா, கொண்டுவந்த பூவைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். மாப்பிள்ளைதான் சிரித்தார்.

"உக்காரும்மா. பாப்பா சொல்றது சரிதாங்க. நான் சூப்பர்வைசர் இல்ல. கப்பல் பட்டறையில வெல்டர். தரகர் அப்படிச் சொன்னப்பவே நான் மறுத்திருக்கணும்."

தரகர் விட்டத்தைப் பார்த்தார். துப்புத் துலக்கிய பெருமையில் நான் சட்டமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்த அம்மா, பெண்ணுக்குச் சம்மதம் என்றாள்.

உளவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால், பெண்ணையும் அவனுக்கே கொடுக்கிறார்கள்! ஆத்திரம் தாங்காமல் அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினேன். அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"நீ மட்டும் வாயத் தொறக்கலேன்னா இந்த ஆளை வேணாம்னுதான்டி சொல்லியிருப்பேன்."

வேண்டாம் என்றுதானே நானும் சொன்னேன்? அன்று முழுக்க யோசித்தும் எனக்கு அது விளங்கவேயில்லை.