முகமில்லாத தாயை வரைந்த எங்கள் அண்ணி

இந்தக் கார்த்திகையோடு எங்கள் அண்ணி மறைந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்கள் பலரும் அவரைப் பாகூர் கடைத்தெருவில் சைக்கிளில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கையெல்லாம் பெயிண்ட் கறையோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போன அந்த உயரமான பெண்மணி எங்கிருந்து வந்தார், என்னென்ன பட்டார் என்பது பலருக்கும் தெரியாது. நாத்தனாரான எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

அண்ணி கனடாவின் வடக்கே ஒரு பெரிய ஏரிக்கரையில் பிறந்தவர். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே அந்த மண்ணில் வாழும் ஒஜிப்வா மக்களைச் சேர்ந்தவர். அங்கே அவர்களை ‘இந்தியர்’ என்றுதான் அழைத்து வந்தார்களாம். இங்கே வந்த புதிதில் தவளக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் யாரோ “நேபாளமாம்மா?” என்று கேட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, என் அண்ணனிடம் கற்ற தமிழில் அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். “அங்க என்னை இந்தியன்னாங்க பாப்பா. இந்தியாவுக்கு வந்தா நேபாளின்றாங்க. எங்க போனாத்தான் நான் நானா இருப்பேன்?”

அவருக்கு நான்கு வயதிருக்கும்போது அதிகாரிகள் காரில் வந்து, அவரையும் கைக்குழந்தையான தம்பியையும் தாயிடமிருந்து எடுத்துப் போனார்கள். தாய் செய்த குற்றம் எதுவும் இல்லை. அந்த மக்களின் பிள்ளைகளை அப்படிப் பிரித்து வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுப்பது அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. தம்பி ஒரு வீட்டுக்கும் அண்ணி வேறொரு வீட்டுக்கும் போனார்கள். அந்த வீட்டில் இங்கிலீஷில் கேட்டால்தான் சாப்பாடு. சீக்கிரமே தாய்மொழி மறந்துபோயிற்று. வளர்ந்து, வேலைக்குப் போய், பெற்றவளைத் தேடிச் சென்றபோது அவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தத் தாய் வாழ்ந்த வீடு தீப்பிடித்ததில் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

அதன் பிறகுதான் அண்ணி தன் மக்களின் ஓவியமுறையைக் கற்றுக்கொண்டார். முதலில் பளிச்சென்ற நிறங்கள். கடைசியில் அவற்றைச் சுற்றித் தடித்த கறுப்புக்கோடு. மீனை வரைந்தால் அதன் வயிற்றுக்குள் இருப்பதும் தெரியும். ஒரு உயிரிலிருந்து கிளம்பும் கோடு பக்கத்து உயிரைப் போய்த் தொடும். “இந்தக் கோடு இல்லன்னா எல்லாம் தனித்தனியா கெடக்கும்” என்பார்.

அங்கே ஒரு ஓட்டலில் என் அண்ணன் சமையல்காரர். அந்த ஓட்டல் கூடத்தில் அண்ணியின் படங்களைக் கண்காட்சிக்கு வைத்தபோது பழக்கமாகி, கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகள் இல்லை. அண்ணனுக்கு இருதயம் கெட்டு, சொந்த ஊரில் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, அண்ணி மறுபேச்சில்லாமல் கிளம்பி வந்தார். பாகூர் ஏரி பக்கத்தில் இருக்கிறது என்றதும் அவருக்குச் சந்தோஷம். முதல் கோடையில் ஏரி வற்றிக் கிடந்ததைப் பார்த்துத் திகைத்து நின்றார். “எங்க ஏரி ஐஸ் ஆயிடும், மேல நடப்போம். இது இன்னா, உள்ளயே நடக்கலாம்போல!”

அண்ணன் போன பிறகு, “ஊருக்குப் போயிடுவீங்களா அண்ணி?” என்று கேட்டேன்.

“எந்த ஊருக்குபா?” என்றார்.

எங்கள் பின்கட்டு அறையிலேயே வரைந்தார். ஏரிக்கு வரும் நாரைகளும் எங்கள் வீட்டுப் பசுவும் அந்தப் படங்களில் வந்தன. பசுவின் வயிற்றுக்குள் கன்று தெரிந்ததைப் பார்த்துப் பால் கறப்பவர், “இன்னாம்மா, ஸ்கேன் எடுத்தீங்களா?” என்று கேட்டார்.

அப்போதுதான் கனடாவிலிருந்து ஒரு பெண்ணின் அழைப்பு வந்தது. தம்பியின் மகள். அண்ணி எத்தனையோ வருஷமாகத் தேடிய தம்பி உயிரோடிருந்தார்! வீடியோவில் அவரைப் பார்த்தோம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தனக்கு ஒரு அக்கா இருப்பதையே யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றார். கடைசியாக ஒன்று கேட்டார். அதைக் கேட்டதும் அண்ணி சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போனை வைத்தார்.

“இன்னா கேட்டாரு அண்ணி?”

“அம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு. வரைஞ்சி அனுப்பச் சொல்றான். எனக்கு ஞாபகம் இல்ல பாப்பா. அவ கை ஞாபகம் இருக்கு. காரைப் புடிச்சிக்கினு இருந்த கை.”

மறுவாரமே, அம்மாவின் முகம் தனக்கு ஞாபகமில்லை என்ற உண்மையைத் தம்பியிடம் சொல்லிவிட்டார். ஆனாலும் வரையத் தொடங்கினார். தாயும் இரண்டு பிள்ளைகளும். அதற்குள் நடுக்குவாதம் அவர் வலது கையைப் பிடித்துவிட்டிருந்தது. நிறங்களை எப்படியோ இட்டுவிட்டார். கோடுதான் நிற்கவில்லை. பிள்ளைகளைச் சுற்றிக் கோணல்மாணலாக இழுத்தார். தாயின் கைகளை முடித்தார். முகம் மட்டும் வெறும் மஞ்சள் வட்டமாகவே நின்றது.

“நான் மணிக்கட்டைப் புடிச்சிக்கிறேன், வரைங்க அண்ணி.”

“வேணாம்பா. அப்புறம் அது ஒங்கம்மா மூஞ்சியா பூடும்.”

படம் முடியும் முன்பே தம்பி இறந்த செய்தி வந்தது. அண்ணி அழவில்லை. தூரிகைகளைக் கழுவித் துடைத்து வைத்தார். பிறகு அவற்றைத் தொடவே இல்லை. நாங்கள் நல்ல டாக்டரிடம் காட்டினோம், மாத்திரை கொடுத்தோம், ஏரிக்கரைக்கு அழைத்துப் போனோம். எதுவும் அவரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அடைமழைக் காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “செத்தப்புறம் அம்மா வந்து கூப்புடுவாளாம். எங்க ஜனங்க சொல்லுவாங்க. அவ எங்க பாஷையிலதானே கூப்புடுவா? எனக்குப் புரியாதே பாப்பா.” அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டொரு நாளில் போய்விட்டார். என் மகன் கொள்ளி வைத்தான்.

கைவிடாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மழையில் நனையாத விறகு தேடிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அஸ்தி கரைக்கப் படகு தந்த மூர்த்திக்குப்பம் மீனவச் சகோதரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முடியாத அந்தப் படத்தை அப்படியே கேட்டு வாங்கிக்கொண்ட தம்பி மகளுக்கும் நன்றி.

ஆஸ்பத்திரியில் அண்ணி சொன்னதை நான் தெரிவித்ததும், அந்தப் பெண், தங்கள் ஊரில் ஒரு வயதான அம்மாள் ஒஜிப்வா மொழியில் அண்ணிக்காகப் பேசியதைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். தகனம் முடிந்த மறுநாள்தான் அது வந்து சேர்ந்தது. அஸ்தி கரைத்தபோது போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்து அந்தப் பதிவை ஒலிக்கவிட்டோம். படகிலிருந்த எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அந்த அம்மாளின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் நன்றி.