பிழையான விலாசம்

நோர்வேயில் பெரிய வெள்ளி வரும் வாரத்தில் பால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கொலை அச்சாகி வரும். சின்னச் சின்னப் படக்கட்டங்கள்: ஒரு பிணம், சந்தேகப்பட நாலு பேர், ஒரு துப்பறிவாளர். தேத்தண்ணிக்குப் பால் ஊற்றியபடி கொலைகாரன் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். சனங்கள் தோடம்பழமும் சொக்லேட்டும் கட்டிக்கொண்டு மலைக்குடில்களுக்குப் போய், பனியைப் பார்த்தபடி துப்பறியும் கதை வாசிப்பார்கள். அதற்குப் பெயர் போஸ்கெகிரிம், ஈஸ்டர் குற்றக்கதை. நாங்கள் சிலுவைப்பாதை செய்கிற நாளில் இவர்களுக்குக் கொலைக்கதை. வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. இன்னும் அந்தப் பெட்டியைத் தொடும்போது என் விரல் ஒரு கணம் நிற்கும்.

இந்த வருடம் அதே வாரத்தில், எங்கள் சிறுநகர நூலகம் கழித்துவிடும் பொருட்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தது. "உங்கள் நாட்டிலும் ஈஸ்டருக்குக் கிரிம் உண்டா?" என்று நூலகப் பெண் கேட்டாள். அவள் கேட்டது குற்றக்கதையை. நான் குற்றத்தை என்று எடுத்துக்கொண்டு, "ஓம், மற்ற நாட்களிலும் உண்டு" என்றேன். சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். நான் குனிந்து பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு கறுப்புவெள்ளைப் படத்தின் டிவிடி. மழை, தெருவிளக்கு, தொப்பி. அந்தத் தொப்பிக்காரனை எனக்குத் தெரியும்.

திருகோணமலையில் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பல்காரன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போன வீடியோ கசெட்டாக இந்தப் படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. வேறு கசெட் இல்லை. ஊரடங்குப் பகல்களில் யன்னல்களைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே போட்டோம். ஆங்கிலம் விளங்கக்கூடியவர் அண்ணா ஒருவர்தான். ரீவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அவர்கள் வாய் திறக்கத் திறக்க எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். துப்பறிவாளனின் உயிர்ச் சிநேகிதனைப் பொலிஸ் தேடுகிறது. அவன் ஒளித்திருக்கும் இடம் துப்பறிவாளனுக்கு மட்டுமே தெரியும். கடைசியில் அவன் தொலைபேசியை எடுத்து, பொலிசுக்குப் பிழையான விலாசம் கொடுத்துவிடுகிறான். அடுத்த காட்சியில் புகாருக்குள் ஒரு கப்பல் போகும். "சிநேகிதன் அதிலதான் போறான்" என்பார் அண்ணா. அந்த இடத்தில் மட்டும் அவருடைய குரல் கரகரக்கும்.

அந்தக் கசெட் வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் அண்ணா தடுப்பில் இருந்து வந்திருந்தார். ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்ப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். அவர் வீடு வந்த நாலாம் நாள் அவருடைய சிநேகிதன் யோகனைப் பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியில் வைத்துப் பிடித்தார்கள். யோகன் திரும்பி வரவில்லை. சாக்கால் தலையை மூடிக்கொண்டு, ஆளைக் கண்டால் தலையை அசைத்துக் காட்டிக்கொடுப்பவனுக்கு எங்கள் பக்கத்தில் 'தலையாட்டி' என்று பெயர். தெருவில் இரண்டு பேர் அந்தச் சொல்லை அண்ணாவின் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். வீட்டில் யாரும் அண்ணாவிடம் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அண்ணா யோகனின் தங்கச்சியைக் கலியாணம் செய்தார். அடுத்த வருடம் என்னை நோர்வேக்கு அனுப்பி வைத்தார்.

நூலகத்து டிவிடியை நான் தனியே பார்த்தேன். கீழே நோர்வேஜிய எழுத்து ஓடிற்று. துப்பறிவாளன் கொடுத்தது சரியான விலாசம். கப்பலில் யாருமில்லை.

ஓகஸ்டில் ஊருக்குப் போனபோது அதைப் பெட்டிக்குள் வைத்தேன். அண்ணாவுக்கு அன்பளிப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், வாயால் கேட்க ஏலாத கேள்வியைத்தான் கொண்டுபோனேன். யோகனைக் காட்டிக்கொடுத்தது நீங்களா அண்ணா?

எங்கள் துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கடல் உள்ளே வந்துவிட்டு வெளியே போக வழி தெரியாத மாதிரிக் கிடக்கும். அண்ணாவின் வீடும் அப்படித்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்து, அலுமாரிக்கு மேல் கிடந்த பழைய பிளேயரைத் துடைத்து வைத்தோம். மட்டையைப் பார்த்த அண்ணா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து ரீவிக்குப் பக்கத்தில் போட்டார். அண்ணாவின் மனைவி, யோகனின் தங்கச்சி, சின்ன வெங்காயச் சுளகோடு என் பக்கத்தில் இருந்தார்; நான் அவரையும் அவர் என்னையும் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

"தொப்பியைக் கழட்டாமலே சாப்பிடுறான் பாருங்கோ மச்சாள். வளர்ப்புச் சரியில்லை" என்றார் என்னிடம்.

"அவன் துப்பறிவாளன்" என்றேன்.

"இந்த மாதிரிச் சிகரட் குடிச்சானெண்டால், அவன் ஆளைப் பிடிக்க முன்னம் அவனைக் கயரோகம் பிடிக்கும்."

நான் சிரித்தேன். அண்ணா சிரிக்கவில்லை. முந்தியதை விடக் குறைந்த சொற்களில் கதை சொல்லிக்கொண்டு போனார். வாசற்கதவு திறந்துதான் கிடந்தது, வெளியே வெயில் வெள்ளையாய் நின்றது, எழும்பிப் போயிருக்கலாம்; போக ஏலவில்லை. மூன்று பேரும் அந்தச் சின்னச் சாம்பல் வெளிச்சத்துக்குள் அகப்பட்டிருந்தோம். துப்பறிவாளன் தொலைபேசியை எடுத்தான். அண்ணாவின் குரல் நின்றது.

"என்ன சொல்றான்?" என்றார் மச்சாள்.

அண்ணா கதிரையை ரீவிக்கு இன்னும் கிட்ட இழுத்தார்.

"இவர் விழுங்கிப்போட்டார். கீழ எழுத்து ஓடுதுதானே மச்சாள், நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ."

லாகெர் ஷூ. ஹான் ஆர் அலேன. ஏழாம் இலக்கக் களஞ்சியம், அவன் தனியாக இருக்கிறான். அந்த அறையில் அதை வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். நாலு மாதமாகச் சுமந்து வந்த கேள்வியைக் கேட்க அதுதான் நேரம். என் வாயிலிருந்து வந்ததோ வேறு:

"பிழையான விலாசம் குடுக்கிறான் மச்சாள். சிநேகிதன் கப்பலேறிடுவான்."

"இல்லை" என்றார் அண்ணா. திரும்பவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரியான விலாசம்தான் குடுக்கிறான். அடி தாங்கேலாமல் குடுக்கிறான்."

படத்தில் அவனை யாரும் அடிக்கவில்லை.

மச்சாளின் கையில் உரித்த வெங்காயம் அப்படியே இருந்தது. கப்பல் புகாருக்குள் போய் முடிந்தது. அதன் பிறகுதான் மச்சாள் அண்ணாவைப் பார்த்து வாய் திறந்தார்.

"தெரியும். கலியாணத்துக்கு முதலே தெரியும். என்ர அண்ணனைப் பற்றி நீங்களா ஒருநாள் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

முப்பது வருடம். அது மன்னிப்பா, தண்டனையா என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. அண்ணா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மச்சாள் சுளகை இறக்கி வைத்துவிட்டு, போகிற போக்கில் அவருடைய தோளில் கையை ஊன்றி எழும்பினார். ஊன்றிய கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"சாப்பிட வாங்கோ, குழம்பு ஆறுது."

மேசையில் அவர்கள் இருவருக்கும் கீறல் விழுந்த அன்றாடச் சாப்பாட்டுக் கோப்பைகள். எனக்கு அலுமாரியிலிருந்து நீலப்பூப் போட்ட கண்ணாடிக் கோப்பை எடுத்து, சீலைத் தலைப்பால் துடைத்து வைத்தார். மீன்தலையை அண்ணாவின் பக்கம் தள்ளினார். அண்ணா அதைப் பிய்த்துப் பாதியைத் திருப்பி வைத்தார். ஒருவரையொருவர் பார்க்காமலே செய்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உறைப்போ மச்சாள்? எங்கட தூள் உங்களுக்கு இனி ஒத்துவராது" என்று சொல்லித் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"ஓம்" என்றேன்.