கன்பூசியஸ் முன்னால் தோப்புக்கரணம்

திங்கட்கிழமை எனக்கு டிரைவிங் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இதிலும் போனால் ஓட்டிப் பழகத் தரும் பெர்மிட்டையே முதலிலிருந்து எடுக்க வேண்டும். வேலையோ கைக்கு வந்துவிட்டது. விசா காரணமாக வருஷக்கணக்கில் வீட்டோடு இருந்தவளுக்குக் கிடைத்த முதல் வேலை. பஸ் எட்டிப் பார்க்காத இடம்.

"வீட்ல உக்காந்து பயந்துட்டே இருக்காத. எங்கயாவது போயிட்டு வரலாம்," என்றார் கணவர். காலேஜிலிருந்து வந்திருந்த மகளும் சேர, நாங்கள் இருக்கும் ஃப்ரீமான்ட்டிலிருந்து வடக்கே, சீனர்கள் குடியேறிய ஆற்றோரத்துப் பழைய ஊர் ஒன்றுக்குக் கிளம்பினோம். அங்கே மரத்தால் கட்டிய ஒரு கன்பூசியஸ் கோயில். தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகள் சீனம் படித்த பள்ளிக்கூடமும் அதுதானாம். இப்போது மியூசியம். பெஞ்சு, மேஜை எல்லாம் அப்படியே இருந்தன.

படிப்புக்கென்றே ஒருவர் சிலையாக நிற்கும்போது என்னால் சும்மா இருக்க முடியுமா? செருப்பைக் கழற்றினேன். பெர்மிட்டை அவர் காலடியில் வைத்தேன். பரீட்சைக்கு முன் பிள்ளையாருக்குப் போடுவதுபோல் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன்.

"அம்மா, ப்ளீஸ் ஸ்டாப். திஸ் இஸ் எ மியூசியம்," என்றாள் மகள்.

"அவர் வாத்தியார்டி. டெஸ்ட்னா அவர் டிபார்ட்மென்ட்தான்."

சுற்றிக் காட்ட வந்த சீனப் பெண், அவளும் காலேஜ் மாணவிதான், சிரிப்பை அடக்கிக்கொண்டு விசாரித்தாள். சொன்னேன். இங்கே வழக்கம் வேறு என்றாள். பாடம் ஒப்பிக்கும் பிள்ளை வாத்தியாருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் வாத்தியார் மேஜையில் இருக்கும் புத்தகத்தை எட்டிப் பார்க்க முடியாது.

என் கணவருக்கு இது போதாதா? வாத்தியார் மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் முதுகைக் காட்டி நின்றேன்.

"நாலு பக்கமும் ஸ்டாப் சைன். யார் முதல்ல போகணும்?"

"முதல்ல வந்தவங்க. ஒண்ணா வந்தா வலது பக்கம் இருக்கிறவங்க."

கேட்கக் கேட்க மடமடவென்று பதில் வந்தது. காரில் இதே கேள்விக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சந்தேகத்தோடு திரும்பினேன். மனுஷன் புருவத்தைத் தூக்கி, உதட்டைக் கடித்து, மேஜைக்கடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டிப் பழகியிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இனிமே உங்களுக்குப் பின்சீட்தான்," என்றேன்.

லைசென்ஸ் உள்ள மகள் பக்கத்தில் உட்கார, வீடு வரைக்கும் நானே ஓட்டினேன். ஃப்ரீவே உட்பட. பின்னாலிருந்து மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை டெஸ்ட் முடிந்து காரை நிறுத்தி இறங்கினேன். லைசென்ஸ் அலுவலகச் சுவரைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார் கணவர்.

"திரும்பலாமா?" என்றார்.

"திரும்புங்க. உங்கள எங்க இறக்கி விடணும், சொல்லுங்க," என்றேன்.