டீ சாப்பாட்டில் சேருமா?

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய பெயர் சம்பளப் பட்டியல் எழுதுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் ஜன்னலக்கா. தரைத்தளத்தில் வரிசையாக ஐந்து ஜன்னல்கள் உண்டு. முதல் மூன்றில் பதிவு, ஐந்தாவதில் பணம் கட்டுவது, நாலாவது விசாரணை. நாலாவது ஜன்னலில் அவள் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. அந்தப் பக்கத்து வாய்க்கும் இந்தப் பக்கத்துக் காதுக்கும் அதுதான் வழி. குள்ளமானவர்கள் எக்கிப் பேசுவார்கள், உயரமானவர்கள் குனிந்து பேசுவார்கள். அவள் எல்லோருக்கும் ஏற்றபடி கழுத்தை நீட்டிக் குறுக்கிப் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் கால் வலிப்பதற்கு முன்னால் தாடை வலித்துவிடும். வீட்டுக்கு வந்தால் புருஷன் "சாப்பிட்டியா?" என்று கேட்பார், அவள் கையை மட்டும் ஆட்டுவாள். அவர் லாரிப் பட்டறையில் மெக்கானிக். நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்டுக் கேட்டு அவருக்கும் காது பாதிதான். இரண்டு பேரும் அதிகம் பேசாமலே குடும்பம் நடத்தினார்கள். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே!

அவளுடைய தாடையைத் தேய்த்தது ஒரே ஒரு கடிதம். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்களுக்கெல்லாம் ஒரு வாரம் முன்னதாக அது தபாலில் போகும். வாங்கியவர்களில் பாதிப்பேர் அதைத் தூக்கிக்கொண்டு நாலாம் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

"இதுல என்னம்மா சொல்லியிருக்கு?"

கடிதம் இப்படி இருக்கும்: "தங்களுக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ள அறுவை சிகிச்சைத் தேதிக்கு முந்தைய நாள் நள்ளிரவு முதற்கொண்டு உணவு உட்கொள்ளுதல் தவிர்க்கப்பட வேண்டும் என்பதையும், தவறும் பட்சத்தில் சிகிச்சை ஒத்திவைக்கப்பட நேரிடும் என்பதையும், உட்கொண்டு வரும் மருந்துகள் குறித்த விவரங்கள் உரிய அலுவலரிடம் முன்னரே தெரிவிக்கப்பட வேண்டும் என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

அவள் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் நாலு வாக்கியத்தில் சொல்லி அனுப்புவாள். அடுத்தவர் வருவார். மறுபடியும் அதே நாலு வாக்கியம். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். கனவில்கூட யாரோ வந்து கடிதத்தை நீட்டுவதாக ஒருநாள் நாத்தனாரிடம் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெயின்டர் மூன்றாவது தடவையாக ஆபரேஷன் ஆகாமல் திரும்பி வந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர், அறுபதை நெருங்கிய மனிதர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். ஏணியில் ஏறினால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது என்று வந்தவர். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

முதல் தடவை அவர் "முந்தைய நாள்" என்பதை அப்படியே எடுத்துக்கொண்டார். முந்தைய நாள் முழுக்கப் பட்டினி கிடந்தார். ஆபரேஷன் நாள் விடிந்ததும், விரதம் முடிந்தது என்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தார். திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை சரியாகப் பட்டினி இருந்தார். ஆனால் காலையில் ஒரு டீ குடித்துவிட்டார். "டீ சாப்பாட்டில் சேருமா?" என்று அன்றைக்கு இதே ஓட்டை வழியாகத்தான் கேட்டார். இப்போது மூன்றாவது தடவை.

"டீ குடிக்கலையே அண்ணே?" என்றாள்.

"பல்லுல பச்சைத் தண்ணி படலம்மா. மாத்திரைதான் இப்போ தகராறு. ரத்தம் கட்டாம இருக்க நான் தினம் ஒண்ணு போடுறேன்ல, அதை முன்னாடியே நிறுத்தியிருக்கணுமாம்."

"முன்னாடியே சொல்லணும்னு கடிதத்துல போட்டிருக்கே அண்ணே."

"சொன்னேனே! வாசல்ல காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு ஆபீசர் நின்னாரு. போன வாரமே வந்து அவர்கிட்ட சொன்னேன். சரிங்க பெரியவரேன்னாரு."

வாசலில் நின்றது காவல்காரர். யார் என்ன சொன்னாலும் சரிங்க என்று சொல்லும் நல்ல மனிதர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நல்லா படிச்சுப் பார்த்திருக்கலாமே அண்ணே" என்றாள். பத்தொன்பது வருஷமாகச் சொல்லும் வார்த்தை, தானாக வந்தது.

"எழுத்துத் தெரியாதவன்னு நெனைக்காதீங்கம்மா. எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒவ்வொரு எழுத்தும் தெரியுது. கூட்டிப் படிச்சா என்னை என்ன செய்யச் சொல்றாங்கன்னுதான் தெரியல." அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி, அடுத்த தேதி எப்போ?"

ஆறு வாரம் கழித்து ஒரு தேதி இருந்தது. அதைச் சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடியே போனார்.

அவர் மேல் பட்ட இரக்கத்தால்தான் அவள் அந்தக் கடிதத்தைத் திருத்தப் போனாள் என்று யாராவது சொன்னால் அவளே மறுப்பாள். ஆறு வாரம் கழித்து இதே மனிதர் இதே கடிதத்தோடு இங்கே வந்து நிற்பார், நான் அதே நாலு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு அவளை அடித்துப்போட்டது. அவரைப்போல் அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. ஓய்வு பெற இன்னும் எட்டு வருஷம். நாளைக்கு நாற்பது என்று மனசுக்குள் பெருக்கப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையில் காகிதத்தைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் எழுதினாள். எழுதியதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மாடியில் அவளுடைய நாத்தனார் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், வாய் மட்டும் மேல்படிப்புப் படித்தது.

நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். உதடு அசைய அசையப் படித்தாள்.

"அண்ணி, இது வாக்கியமா, ரயிலா? கடைசிப் பெட்டி வர்றதுக்குள்ள இன்ஜின் எந்த ஊருக்குப் போச்சுன்னே மறந்துடுச்சு."

"பழசை விடச் சின்னதுதானே?"

"சின்ன ரயில்."

ஜன்னலக்கா வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். "உணவு தவிர்க்கப்பட வேண்டும்" என்று அவளும் எழுதியிருந்தாள். பழைய கடிதத்தைத் திருத்தப் போய் அதையே கொஞ்சம் குட்டையாக வெட்டி எழுதியிருக்கிறாள். பத்தொன்பது வருஷம் அதோடு கிடந்தால் கை என்ன செய்யும்!

"ஜன்னல்ல என்ன சொல்லுவீங்களோ அதைச் சொல்லுங்க அண்ணி, கேப்போம்" என்றாள் நாத்தனார்.

"ராத்திரி பத்து மணிக்குள்ள சாப்பிட்டுடுங்க. அப்புறம் எதுவும் சாப்பிடாதீங்க. டீ, காபி, பால் எதுவும் கூடாதுன்னு சொல்லுவேன்."

"அதை எழுதறதுக்கென்ன? தண்ணி குடிக்கலாமா?"

"கொஞ்சமா குடிக்கலாம்."

"கொஞ்சம்னா? எத்தனை மணி வரைக்கும்?"

 அதுதான் ஜன்னலக்காவுக்குத் தெரியாது. ஜன்னலில் யாராவது கேட்டால் "கொஞ்சமா குடிங்க" என்பாள், அவர்களும் போய்விடுவார்கள். வாயால் சொல்லும்போது தடுக்கி விழாத இடம், காகிதத்தில் எழுதும்போது பள்ளமாக நின்றது. அந்தப் பத்து மணியாவது சரியா? நள்ளிரவு என்பதைத்தான் யாரோ ஒரு நர்ஸ் எப்போதோ பத்து என்று சொன்னாள், இவளும் சொல்லிவந்தாள். மாத்திரையை யாரிடம் சொல்ல வேண்டும்? உரிய அலுவலர் யார்? அவளும் அந்த உரிய அலுவலரை இன்றுவரை பார்த்ததில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மயக்க மருந்து டாக்டரைத் தேடிப் போனாள். காலை ஆறு மணி வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்றார் அவர். வார்டு சிஸ்டரிடம் போனாள். பத்து மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் கூடாது என்றாள் சிஸ்டர். திரும்ப டாக்டரிடம் வந்தாள். "யார் அப்படிச் சொன்னது?" என்றார். சிஸ்டரிடம் போனாள். "இவ்வளவு நாளா அப்படித்தான் நடக்குது" என்றாள். இப்படியே ஒன்பது நாள் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடந்தாள். அந்த ஒன்பது நாளும் டிபன் டப்பா பாதி நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பியது. நீளமான வாக்கியத்துக்குள்ளே இத்தனை பேர் ஆளுக்கொரு மணி வைத்துக்கொண்டு ஒளிந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்றே! கடைசியில் டாக்டரையும் சிஸ்டரையும் ஒரே வராந்தாவில் நிறுத்தினாள். கால் மணி நேரம் அவர்கள் வாதாடினார்கள், இவள் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். ராத்திரி பத்து, காலை ஆறு என்று முடிவாயிற்று. மாத்திரை விவரத்தைத் தன் அறை நர்ஸே போனில் கேட்டுக்கொள்வாள் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

"இதை இத்தனை வருஷமா யாருமே எங்கிட்ட கேட்டதில்லையே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் இப்படி ஆகியிருந்தது:

"உங்கள் ஆபரேஷன் 14-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடாதீர்கள். டீ, காபி, பால் குடிக்காதீர்கள். ஆபரேஷன் அன்று காலை ஆறு மணி வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம். நீங்கள் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவரா? அப்படியென்றால் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கீழே உள்ள எண்ணுக்குப் போன் செய்து நர்ஸிடம் சொல்லுங்கள்."

கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனாள். பழைய கடிதத்தை எழுதியவர் அவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியதாகச் சொல்வார். கெட்டவர் இல்லை. காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதை யார் வேணும்னாலும் எழுதலாமேம்மா."

"ஆமா சார்."

"ஆஸ்பத்திரி எழுதின மாதிரியே இல்லையே. சாப்பிடாதீங்கன்னு மொட்டையா சொன்னா அதட்டுற மாதிரி இருக்கு. தவிர்க்கப்பட வேண்டும்னு சொன்னா ஒரு மரியாதை. யாரையும் நேரடியாச் சொன்ன மாதிரி இருக்காது."

"யாரையும் சொல்லாததாலதான் சார் யாரும் செய்யறதில்ல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் எதிர்த்துப் பேசி அவர் பார்த்ததில்லை. எதிர்த்துப் பேசும் குரலாகவும் அது இல்லை, களைத்துப்போன குரலாகத்தான் இருந்தது.

"சார், எனக்குத் தொண்டை வலிக்குது" என்றாள் அவள்.

டாக்டரின் கையெழுத்து இருந்தது. அதைத் தாண்டி அவரால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பேனாவை எடுத்து அடியில் ஒரு வரி சேர்த்தார்: "என்பது இதன்மூலம் அன்புடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." அந்த வரி மேலே எதோடும் ஒட்டாமல் தனியாகக் கிடந்தது. அவள் அப்படியே எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று நாள் உழைப்புக்கு அந்த மனுஷனுக்கும் ஏதாவது மிச்சம் வேண்டும்தானே.

பெயின்டரின் தேதி வந்தது. அன்று காலை அவள் மாடிப்படிப் பக்கம் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. துணிப்பை எதுவும் இறங்கி வரவில்லை. மத்தியானம் வார்டு சிஸ்டர் போகிற போக்கில் "உன் பெயின்டருக்கு முடிஞ்சுது" என்றாள்.

பத்து நாள் கழித்துத் தையல் பார்க்க வந்தவர் ஜன்னலில் குனிந்தார். "கடிதம் நல்லா இருந்துச்சும்மா. படிச்சேன், செஞ்சேன். அந்தக் கடைசி வரிதான் நாலு தடவை படிச்சும் பிடிபடல. அதுல ஏதாவது செய்யாம விட்டுட்டேனோன்னு ராத்திரி முழுக்க ஒரே பயம்."

"அது உங்களுக்கு இல்லண்ணே. அது எங்களுக்கு" என்றாள். அவள் சிரித்ததைப் பக்கத்து ஜன்னல்காரர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நாலாம் ஜன்னலில் கூட்டம் குறைந்தது. நாற்பது பத்தாயிற்று, பத்து ஐந்தாயிற்று. சாயங்காலம் புருஷன் "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்" என்று வாயால் சொன்னாள். அந்த நிம்மதி மூன்று மாதம் நீடித்தது. பிறகு ஓர் ஆணை வந்தது. விசாரணை ஜன்னலின் தேவை குறைந்துள்ளமை கருத்தில் கொள்ளப்பட்டு அது மூடப்படுவதாகவும், அவள் இரண்டாம் மாடிச் சான்றிதழ் பிரிவுக்கு மாற்றப்படுவதாகவும் அதில் கண்டிருந்தது. தனக்கு என்ன நடந்தது என்று புரிய அவளும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

"ஒழுங்கா எழுதினதுக்குப் பரிசா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"முட்டி தாங்குமா? தினம் இரண்டு மாடி ஏறணுமே" என்றார் புருஷன். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அந்த மாதத்தில் அதுதான்.

இரண்டாம் மாடியில் ஜன்னல் கிடையாது. மேஜைதான், எதிரே ஒரு நாற்காலி. முதல் நாளே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். போன வாரம் இறந்துபோன தன் அண்ணனுக்கு இறப்புச் சான்று வேண்டும். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவள், ஏழாவது வரியில் பேனாவை நிறுத்தினாள்.

"இதுல யார் பேரைங்க எழுதணும்? என் பேரா, அண்ணன் பேரா?"

ஜன்னலக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "அறிவிப்பாளர் அல்லாத பட்சத்தில் தொடர்புடையவரின் விவரம்." மறுபடியும் படித்தாள். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "எல்லாரும் ஏதோ ஒண்ணு எழுதுவாங்க" என்றார்.

முட்டி ஏற்கெனவே விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. இதைத் தெரிந்தவர்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள் என்று அந்த மேஜைக்காரரே சொன்னார்.

"எனக்கும் தெரியலம்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம். "உக்காருங்க, கேட்டுட்டு வரேன்."

மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறப் போனாள்.